கடலில்லாத ஊவாவில் ‘கோஸ்ட்’

வரலாற்று ஆசிரியர் விடுமுறையில் இருந்த ஒரு நாள், எட்டாம் தரத்துக்கு நான் போனேன். தோட்டங்களின் கதை. பழைய ஆங்கில ஆவணங்களில் அடிக்கடி வரும் ‘கோஸ்ட் அட்வான்ஸ்’ என்ற சொல்லைப் பலகையில் எழுதினேன். பின்வாங்கில் இருந்த தோட்டத்துப் பையன் கையைத் தூக்கினான். “சேர், கோஸ்ட்டுன்னா கடக்கரதானே? நம்ம ஊவாவுல கடலே இல்லியே. அப்புறம் எப்புடி?”

நியாயமான கேள்வி. பதுளை, மொனராகலை இரண்டு மாவட்டங்களிலும் ஒரு முழம் கடற்கரை கிடையாது. அப்படியிருக்க, இந்த மலைகளில் நூறு வருடத்துக்கு மேலாகத் துரைமார் வாயிலும் கச்சேரிக் காகிதத்திலும் புழங்கிய சொல் அது.

முதலில் சொல்லின் பிறப்பைப் பார்ப்போம். லத்தீனில் ‘கோஸ்டா’ என்றால் விலா எலும்பு. விலாவிலிருந்து பக்கம், பக்கத்திலிருந்து நிலத்தின் ஓரம், ஓரத்திலிருந்து கடற்கரை என்று பொருள் நகர்ந்தது. அதே விலா எலும்பு பிரெஞ்சு வழியாக இன்னொரு பக்கம் போய் நம் தேநீர்க் கடைகளின் கட்லட் ஆனது. நோன்பு திறக்கும்போது நாம் கடிப்பதும் கோஸ்ட்டின் உறவுக்காரன்தான்! பிரெஞ்சில் இச்சொல்லுக்கு மலைச்சரிவு என்ற பொருளும் உண்டு. சைக்கிளை மிதிக்காமல் இறக்கத்தில் விடுவதை ஆங்கிலத்தில் ‘கோஸ்ட்’ பண்ணுவது என்பது அந்த வழியில் வந்ததே. அந்தப் பொருளில் பார்த்தால் ஹப்புத்தளையிலிருந்து பதுளை வரை எல்லாமே கோஸ்ட்.

ஆனால் துரைமார் சொன்னது சரிவையும் அல்ல, ஏதோ ஒரு கடற்கரையையும் அல்ல. ஒரே ஒரு கரையை. கிழக்கிந்தியக் கம்பெனியின் கடிதங்களில் ‘கோஸ்ட்டும் பே-யும்’ என்று எழுதினால் சோழமண்டலக் கரையும் வங்காளமும் என்று அர்த்தம். சென்னைப் படைக்கே ‘கோஸ்ட் ஆர்மி’ என்ற பெயர் இருந்தது. 1796இல் ஒல்லாந்தரிடமிருந்து இலங்கைக் கரையோரத்தைப் பிடித்த கம்பெனி, 1798 வரை அதைச் சென்னையிலிருந்தே ஆண்டது. சென்னைக்காரரின் பேச்சு வழக்கும் கூடவே கப்பலேறி வந்திருக்க வேண்டும். நாலு பக்கமும் கரையுள்ள தீவில் இருந்துகொண்டு, ‘கோஸ்ட்’ என்றால் எதிர்க்கரை என்று சொல்லும் விசித்திரம் அப்படித்தான் நிலைத்தது.

அதே கரைக்கு அரபு எழுத்தாளர் வைத்த பெயர் ‘மஅபர்’. கடக்கும் இடம், துறை என்று பொருள். 1344இல் இலங்கை வந்து பாவாத மலை ஏறிய இப்னு பதூதா, இங்கிருந்து போனது அந்த மஅபருக்குத்தான். கடந்து போகவும் வரவும் ஒரு வழி என்று கண்ட பெயர் ஒன்று. நீ அந்தக் கரைக்காரன் என்று சுட்டும் பெயர் மற்றொன்று.

தோட்டத்தில் இந்தச் சொல் கடனாக நுழைந்தது. ஆள் பிடிக்கக் கங்காணி ஊருக்குப் புறப்படும்போது துரை கொடுக்கும் பணமே கோஸ்ட் அட்வான்ஸ். திருச்சி, சேலம், தஞ்சாவூர், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களில் கங்காணி அதைக்கொண்டு சனங்களின் ஊர்க்கடனைத் தீர்ப்பான். வழிச்செலவும் சாப்பாடும் பார்ப்பான். அவ்வளவும் வந்தவர்கள் தலையில் கடனாக ஏறும். ஊவாவின் குளிரில் முதல் கொழுந்தைக் கிள்ளுமுன்னே அவர்கள் கடன்காரர்.

வேறு தோட்டம் போக நினைத்தால் ‘துண்டு’ வேண்டும். இவ்வளவு ரூபாய் கட்டினால் இந்த ஆட்களை விடுவேன் என்று துரை எழுதும் காகிதம் அது. புதிய துரை பணத்தைக் கட்டி ஆளை எடுப்பார். அதாவது கடன் கைமாறும். கடனோடு ஆளும் கைமாறும். கூலி என்ற நம் சொல் ஆங்கில அகராதியில் ஏறியதுபோல, துண்டும் அப்படியே ஆங்கிலச் சட்டத்தில் ஏறியது. 1921இல் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. ஆனால் ‘கோஸ்ட்’ ஒழியவில்லை.

இது தோட்டச் சனங்களின் கதைதானே, எமக்கென்ன என்று வாசகர் கேட்கலாம். அதே முத்திரை எம்மவர் மீதும் குத்தப்பட்டது: ‘கோஸ்ட் மூர்’. காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம் போன்ற ஊர்களிலிருந்து வந்து அரிசியும் புடவையும் விற்ற முஸ்லிம்களுக்கு அரசாங்கம் வைத்த பெயர். நாம் பேச்சில் ‘சம்மான்காரர்’ என்றோம். நாம் சொன்னது ஏறி வந்த தோணியை. வெள்ளையர் சொன்னது புறப்பட்ட கரையை.

ஊவா முஸ்லிம்களின் வேரோ இன்னும் பழையது. கண்டி மன்னர் காலத்திலேயே தவளம் மாடுகளில் உப்பும் பாக்கும் ஏற்றித் திரிந்தவர்கள் இங்கே இருந்தார்கள். 1817இல் வெல்லஸ்ஸவில் ஹாஜி மரிக்கார் என்ற சோனகருக்கு ஆங்கிலேயர் முஹாந்திரம் பதவி கொடுத்தது, ஊவாக் கலகத்துக்குக் காரணமானவற்றில் ஒன்று.

இனி கொஞ்சம் கசப்பான பகுதி. 1888இல் பொன்னம்பலம் இராமநாதன், இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என்று வேத்தியல் ஆசியக் கழகத்தில் கட்டுரை படித்தார். சட்டநிரூபண சபையில் முஸ்லிம்களுக்குத் தனி உறுப்பினர் வேண்டும் என்ற கோரிக்கை எழுந்திருந்த நேரம். மறுவருடம் அந்த ஆசனம் கிடைக்கவும் செய்தது. 1907இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் இராமநாதனுக்கு எழுதிய மறுப்பு எமது அறிவு வரலாற்றில் பெரிய காரியம். அந்த மறுப்பின் தூண்களில் ஒன்று, நாங்கள் வேறு, கோஸ்ட் மூர் வேறு என்பது. 1911 குடிசன மதிப்பிலும் இலங்கைச் சோனகர், இந்தியச் சோனகர் என்று இரண்டு பெட்டி வந்தது. அன்றைய அரசியலில் அஸீஸுக்கு அது தேவைப்பட்டது என்பது எனக்கு விளங்குகிறது. என்றாலும் ஒரே கிப்லாவை நோக்கி நின்றவர்களுக்கிடையில் வேலி கட்ட நாம் இரவல் வாங்கியது துரையின் சொல்லை.

அந்த வேலி எட்டு வருடத்தில் எவ்வளவுக்குப் பயன்பட்டது? 1915 மே 28 இரவு, கண்டி காசல் ஹில் வீதிப் பள்ளிவாசல் முன்னால் கலகம் மூண்டது. அதற்கு முன் கம்பளைப் பெரஹரா வழக்கு. இரண்டிலும் சம்பந்தப்பட்டோர் கோஸ்ட் மூர்கள் என்று அதிகாரிகள் எழுதினார்கள். ஆனால் கடைகளைக் கொளுத்தியவர்கள், நீ எந்தக் கரை என்று கேட்டுக்கொண்டா கொளுத்தினார்கள்?

1948இல் அந்தக் கேள்வியைச் சட்டமே கேட்டது. 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டப்படி, இலங்கையில் பிறந்திருந்தாலும் போதாது. தந்தை இங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். லயத்தில் பிறந்தவன் தன் தகப்பனின் பிறப்புக்குக் காகிதம் தேட எங்கே போவான்? அடுத்த வருடம் வந்த சட்டத்தின் பெயரே இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டம். தோட்டத் தமிழரும் இந்தியச் சோனகரும் ஒரே வரிசையில் மனுவோடு நின்றார்கள். 1964 அக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் 9,75,000 பேரைக் கணக்கில் எடுத்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே என்று பிரித்தார்கள். மீதி ஒன்றரை இலட்சத்தை 1974இல் பாதிப்பாதியாகப் பங்கிட்டார்கள். 1924இல் பதுளைக்கு வந்து சேர்ந்த ரயில்பாதையிலேயே சனங்கள் அழுதுகொண்டு தலைமன்னாருக்குப் போனார்கள். எஞ்சியோரின் நாடற்ற நிலை தீர 2003இல் இன்னொரு சட்டம் வேண்டியிருந்தது.

இந்தியச் சோனகரில் சிலர் திரும்பிப் போனார்கள். தங்கியவர்கள் நகரத்துக் கடையிலும் ஜமாஅத்திலும் கலியாண உறவிலும் கலந்து, இரண்டு தலைமுறையில் அந்தச் சொல்லைக் கழற்றிப் போட்டார்கள். லயத்தில் இருந்தவனுக்குக் கலக்க ஊர் ஏது? அதனால் அவன்மேல் அது ஒட்டியே கிடந்தது.

கேள்வி கேட்ட பையனின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் தகப்பனின் இனம் ‘இந்தியத் தமிழர்’. பக்கத்து வாங்கில் இருப்பவனின் பூட்டனார் கீழக்கரையிலிருந்து வந்தவர்; அவன் பத்திரத்தில் ‘இலங்கைச் சோனகர்’. இரண்டு பூட்டன்மாரும் ஒரே கப்பலில் தலைமன்னாரில் இறங்கியிருக்கவும் கூடும்.

இதையெல்லாம் அவனுக்கு ஒரு பாடவேளையில் சொல்ல முடியவில்லை. ஒரு வேண்டுகோள்: பதுளை, பசறை, லுணுகலை, வெலிமடைப் பக்கத்தில் எம்மவர் நடத்திய பழைய கடைகளின் கணக்கேடுகள் யாரிடமாவது இருந்தால் கறையானுக்கு விட்டுவிடாதீர்கள். எந்தத் தோட்டத்து யார் எவ்வளவு அரிசி கடன் எடுத்தார் என்று அவற்றில் பெயரோடு இருக்கும். துரைமாரின் ஏட்டில் தலைக்கணக்குத்தான் இருக்கிறது.