அங்கத்துவத்துக்கான காத்திருப்பு

கனடாவின் சைமன் பிரேசர் பல்கலைக்கழகம் 2009 இல் அமெரிக்கத் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் இரண்டாம் பிரிவில் தகுதிகாண் நிலைக்கு ஏற்கப்பட்டது. ஆண்டுதோறும் மதிப்பிடப்பட்டு, 2012 இல் முழு அங்கத்துவம் பெற்றது. அமெரிக்காவுக்கு வெளியிலிருந்து அதனைப் பெற்ற முதல் நிறுவனம் அதுவே. அதுவரை அதன் மெய்வல்லுநர்கள் சங்கத்தின் தேசிய வெற்றிக்கிண்ணப் போட்டிகளில் பங்குபற்ற இயலவில்லை.

புதுக்குடியிருப்பு வாசகருக்கு இத்தகைய படிகள் புதியனவல்ல. எமது வவுனியாவில் 1991 இல் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாக உருவானது, 1997 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாகி, 2021 இலேயே தனிப் பல்கலைக்கழகமாயிற்று.

தகுதிகாண் காலம் தேவையானதே. ஆயினும் நிறுவனத்துக்கு மூன்றாண்டு சிறிது. நான்காண்டில் பட்டம் பெற்று வெளியேறும் ஓட்டவீரனுக்கோ அது ஏறத்தாழ முழு விளையாட்டு வாழ்வு. வரலாற்றில் அங்கத்துவ ஆண்டு பதிவாகிறது. காத்திருந்து வெளியேறியோர் பதிவாவதில்லை.