டார்ச் லைட் ஸ்பிரிங்: முப்பது வருடம் நான் தப்பாகச் சொல்லிக்கொடுத்த பாடம்

நேற்று பரணைச் சுத்தம் செய்தபோது அப்பாவின் பழைய டார்ச் லைட் கையில் கிடைத்தது. நிக்கல் முலாம் பூசிய பித்தளை உடம்பு, இரண்டு பெரிய பேட்டரிக் கட்டை போடுவது. அதைப் பார்த்ததும் எழுத வேண்டும் என்று தோன்றியது. கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

அப்பா அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தார். 1949-இல் டிஐ சைக்கிள்ஸ் இங்கே வந்தது. 1960களில் ஆவடியில் டாங்கித் தொழிற்சாலையும் அம்பத்தூர் எஸ்டேட்டும் வந்தன. ஷிப்ட் வேலை வந்தது, தெருவிளக்கு மட்டும் உடனே வரவில்லை. இரவு ஷிப்ட் முடிந்து ஏரிக்கரை ஓரமாக நடந்து வருகிறவர்கள் கையில் டார்ச் இல்லாமல் வரமாட்டார்கள். பாம்புக்குத்தான் பயம். தூரத்தில் ஒரு மஞ்சள் வெளிச்சம் ஆடி ஆடி வந்தால், அம்மா அடுப்பில் குழம்பைச் சுட வைப்பார்.

டார்ச் லைட்டின் கதை அமெரிக்காவில் தொடங்குகிறது. டேவிட் மிசெல் என்பவர் வாங்கிய காப்புரிமை 1899 ஜனவரி 10-இல் பதிவானது. அவரோடு சேர்ந்திருந்த கான்ராட் ஹூபர்ட்டின் நிறுவனம்தான் பிறகு எவரெடி ஆனது. அன்றைய பேட்டரிக்குச் சக்தி குறைவு. விளக்கைத் தொடர்ந்து எரிய விட முடியாது, விட்டு விட்டுத்தான் அடிக்க வேண்டும். அமெரிக்கர்கள் இன்றும் அதை ‘ஃப்ளாஷ் லைட்’ என்று சொல்வதற்கு அதுதான் காரணம். நாம் ஆங்கிலேயர்களிடமிருந்து ‘டார்ச்’ என்ற சொல்லை எடுத்துக்கொண்டோம்.

இந்தியாவில் எவரெடி நிறுவனம் 1934-இல் கல்கத்தாவில் பதிவானது. 1950களில் நம் திருவொற்றியூரிலும் பேட்டரித் தொழிற்சாலை வந்தது. 1958-இல் லக்னோவில் டார்ச் செய்யும் தொழிற்சாலை தொடங்கியது. 1959-இல் அந்த நிறுவனத்தின் பெயர் யூனியன் கார்பைடு இந்தியா என்று மாறியது. ஆம், 1984-இல் போபாலில் விஷவாயு கசிந்த அதே நிறுவனம்தான். நம் வீட்டு டார்ச்சுக்கும் போபாலுக்கும் ஒரே முதலாளி என்பது அதற்குப் பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அந்தக் கால டார்ச்சை யார் வேண்டுமானாலும் கழற்றி ரிப்பேர் செய்யலாம். எரியவில்லையா? பின்மூடியைத் திருகி எடுத்து, ஸ்பிரிங்கை இழுத்து விடுவார் அப்பா. துரு இருந்தால் உப்புத்தாளால் தேய்ப்பார். இடைவெளி இருந்தால் சிகரெட் டப்பாவின் ஜிகினாத் தாளை மடித்து வைப்பார். தீர்ந்துபோன கட்டைகளை அம்மா மொட்டை மாடியில் வெயிலில் வைப்பார், இன்னும் ஒரு இரவு எரியும். கட்டையின் வெளிக்கூடு துத்தநாகம். அதுதான் எதிர்முனை. எரிய எரிய அது கரைந்து ஓட்டையாகும், உள்ளே இருக்கும் உப்புப் பசை கசிந்து ஸ்பிரிங்கைத் தின்றுவிடும்.

இப்போது என் தப்புக்கு வருகிறேன். ஏழாம் வகுப்பில் மின்சுற்றுப் பாடம் எடுக்கும்போது டார்ச்சைக் கழற்றிக் காட்டுவேன். பேட்டரி, பல்பு, சுவிட்ச். ஒருமுறை ஒரு பையன் எழுந்து, “சார், ஸ்பிரிங் வழியாவும் கரண்ட் போகுமா? அப்ப அதுலயும் கொஞ்சம் வீணாகுமா?” என்று கேட்டான். “ஸ்பிரிங் கட்டையைத் தள்ளிப் பிடிக்கத்தான்டா, உட்காரு” என்றேன். உட்கார்ந்துவிட்டான். அதன் பிறகு அவன் என்னிடம் எதுவும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

பல்பு இருந்தவரை என் பதில் அம்பலமாகவில்லை. காரணம் இதுதான். இரண்டு கட்டை டார்ச்சின் பல்பு எடுப்பது சுமார் 0.3 ஆம்பியர். ஸ்பிரிங்கின் மின்தடை 0.1 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் இழப்பு 0.03 வோல்ட். கண்ணுக்கே தெரியாது.

பிறகு எல்இடி வந்தது. சிவப்பு எல்இடி 1962-லேயே வந்துவிட்டது. ஜப்பானில் நகமுரா 1993-இல் பிரகாசமான நீல எல்இடியைச் செய்த பிறகுதான் வெள்ளை வெளிச்சத்துக்கு வழி பிறந்தது. நீல ஒளியின் மேல் மஞ்சள் பாஸ்பரைப் பூசினால் வெள்ளையாகத் தெரியும். இதற்கு அடித்தளமிட்ட அகசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014-இல் நோபல் பரிசு கிடைத்தது.

2015 டிசம்பர் வெள்ளத்தில் கொரட்டூர், அம்பத்தூர் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகு அப்பாவின் டார்ச்சைப் புதுப்பிக்க ஆசைப்பட்டேன். ரிச்சி தெருவில் ஒரு பவர் எல்இடி, சின்ன டிரைவர் பலகை, ஒரு லித்தியம் செல் வாங்கினேன். பல்பு இருந்த இடத்தில், அலுமினியத் தகட்டின் மேல் எல்இடியைப் பொருத்தினேன். செல் ஒல்லி என்பதால் அதைப் பிவிசி குழாய்த் துண்டுக்குள் விட்டு, மீதி நீளத்துக்கு ஒரு அலுமினியக் கட்டையை வைத்தேன். வெளிச்சம் தெருக்கோடி வரை போனது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

2016 டிசம்பர் 12, வர்தா புயல். தெருவெல்லாம் மரம் சாய்ந்து கிடந்தது, கரண்ட் இல்லை. இரவு அம்மாவைக் கொல்லைப்புறக் கழிவறைக்கு அழைத்துப் போனேன். அம்மாவுக்கு அப்போது எண்பதைத் தாண்டிவிட்டது. பாதி வழியில் வெளிச்சம் மங்கிவிட்டது. படி தெரியாமல் அம்மா தடுக்கினார், நான் தோளைப் பிடித்ததால் விழவில்லை. அவர் கை நடுங்கியது இன்னும் ஞாபகம் இருக்கிறது. செல்லோ முழு சார்ஜில் இருந்தது. பின்மூடியைத் தொட்டால் சுட்டது.

கரண்ட் வந்த பிறகு பக்கத்து வீட்டுத் தம்பியிடம் காட்டினேன். எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் வேலை செய்கிறவர். ஸ்பிரிங்கைத் தனியாக எடுத்து, அதன் வழியாக 3 ஆம்பியர் விட்டு, இரண்டு முனைகளிலும் மல்ட்டிமீட்டரை வைத்தார். 0.3 வோல்ட். “சார், செல் கொடுக்கிறதே மூணே முக்கால் வோல்ட்தான். அதுல இவ்வளவை இந்தத் துருப்பிடிச்ச கம்பியே சாப்பிடுது. கிட்டத்தட்ட ஒரு வாட் சூடாவே போகுது” என்றார்.

இரும்பின் மின்தடை செம்பைப் போல சுமார் ஆறு மடங்கு. துருப்பிடிக்காத எஃகு என்றால் நாற்பது மடங்கு. கம்பியோ மெல்லியது, சுருளை நீட்டினால் நீளமும் அதிகம். பல்புக்குப் போதுமாயிருந்த ஸ்பிரிங், பத்து மடங்கு கரண்ட் கேட்கும் எல்இடிக்குப் போதவில்லை. தம்பி, பல இழை செம்பு ஒயரில் ஒரு சிறு துண்டை வெட்டி, ஸ்பிரிங்கின் நுனியிலும் அடியிலும் ஈயம் வைத்துப் பற்றவைத்தார். ஸ்பிரிங் அமுங்க வேண்டுமே, அதனால் ஒயரைக் கொஞ்சம் தொளதொளவென்று விட்டார். இனி ஸ்பிரிங்கின் வேலை தள்ளிப் பிடிப்பது மட்டும், கரண்ட் போவது ஒயரில். செலவு ஐந்து ரூபாய்கூட இல்லை. டார்ச் பிரியர்கள் உலகம் முழுக்க இதைத்தான் செய்கிறார்களாம். சிலர் ஸ்பிரிங்கையே பெரிலியம் செம்பு ஸ்பிரிங்காக மாற்றிவிடுகிறார்கள்.

அன்று ராத்திரி எனக்கு அந்தப் பையன்தான் நினைவுக்கு வந்தான். அவன் கேட்டது சரியான கேள்வி. நான் “அளந்து பார்க்கலாம் வா” என்று சொல்லியிருக்க வேண்டும். அவன் இப்போது எங்கே இருக்கிறானோ. இதைப் படித்தால், தம்பி, மன்னித்துக்கொள். ஸ்பிரிங் வழியாகவும் கரண்ட் போகும். அதிலும் கொஞ்சம் வீணாகும். நீ சொன்னதுதான் சரி.

நண்பர்களுக்கு இரண்டு வார்த்தை. மழைக்காலம் வருமுன் உங்கள் டார்ச்சைத் திறந்து ஸ்பிரிங்கைத் துடைத்து வையுங்கள். சும்மா கிடக்கும் டார்ச்சில் கட்டையை விட்டு வைக்காதீர்கள். லித்தியம் செல்லோடு விளையாடுவதாக இருந்தால் தெரிந்தவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், ஷார்ட் ஆனால் தீப்பிடிக்கும். இன்று கடையில் கிடைக்கும் சார்ஜ் டார்ச்சுகள் பலவற்றைத் திறக்கவே முடியாது, கெட்டால் குப்பைதான். அப்பாவின் டார்ச் ஐம்பது வருடம் கழித்தும் திறந்தது. நேற்றும் ஒரு செல் போட்டுப் பார்த்தேன். தெருக்கோடி வரை அடிக்கிறது.