எல்லைப்புறத்துச் செஞ்சட்டைகள்

1930 ஏப்ரல் 6-ம் தேதி தண்டிக் கடற்கரையில் காந்தி உப்பை அள்ளியதோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். பதினேழு நாள் கழித்து, கடலுக்கு வெகுதொலைவிலிருந்த பெஷாவரில் ரத்தம் ஓடியது.

வடமேற்கு எல்லைப்புறத்தின் பஷ்தூன்களுக்குப் பழிவாங்குவது குலக்கடமை. தாத்தா காலத்துக் கொலைக்குப் பேரன் துப்பாக்கி தூக்குவான். அந்த மண்ணில், உத்மன்சாய் கிராமத்தில், 1890-ல் நிலக்கிழார் வீட்டில் பிறந்தவர் கான் அப்துல் கபார் கான். மக்களைப் பீடித்த நோய்கள் பகையும் படிப்பின்மையும்தான் என்று கண்டு, ஊர் ஊராகப் பள்ளிக்கூடம் திறக்கப் புறப்பட்டார். அதற்கு அரசு கொடுத்த பரிசு, 1921-ல் மூன்றாண்டு கடுங்காவல்.

1929-ல் ‘குதாய் கித்மத்கார்’ என்ற தொண்டர் படையைத் தொடங்கினார். இறைவனின் ஊழியர்கள் என்று பொருள். சேருகிறவர் உறுதிமொழி எடுக்க வேண்டும்: வன்முறையில் இறங்க மாட்டேன், பழிவாங்க மாட்டேன், கொடுமை செய்தவரையும் மன்னிப்பேன், தினமும் இரண்டு மணி நேரமாவது பொதுத்தொண்டு செய்வேன். பஷ்தூன் ஒருவர் இப்படிச் சத்தியம் செய்வது லேசான காரியமா? மக்காவில் நபிகள் நாயகம் காட்டிய பொறுமையைத்தான் கபார் கான் அவர்களுக்கு எடுத்துச் சொன்னார். அகிம்சை அவருக்குக் காந்தியிடம் வாங்கிய கடன் அல்ல. தம் மார்க்கத்திலேயே கண்டெடுத்தது.

வெள்ளைக் கதர் சீக்கிரம் அழுக்கானதால், தோல் பதனிடும் இடத்துச் சாயத்தில் சட்டைகளைத் தோய்த்தார்கள். செங்கல் நிறம் ஏறியது. ‘செஞ்சட்டைகள்’ என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது. ஆங்கில அரசுக்கோ ரஷ்யப் புரட்சியின் வாடை அடித்தது.

ஏப்ரல் 23. கபார் கான் கைதானார். பெஷாவரின் கிஸ்ஸா கவானி கடைவீதியில், உள்ளூர்த் தலைவர்களைக் கைது செய்ததைக் கண்டித்துக் கூட்டம் திரண்டிருந்தது. ராணுவக் கவச வண்டிகள் மக்கள்மீது ஏறின. ஒரு வண்டி தீக்கிரையானது. பிறகு துப்பாக்கிகள் வெடித்தன. செத்தவர் சில பத்துப் பேர் என்றது அரசு. இருநூறுக்கு மேல் என்றார்கள் மக்கள். கார்வால் ரைபிள்ஸ் வீரர்கள், ஹவில்தார் சந்திர சிங் முன்நிற்க, நிராயுதபாணிகளைச் சுட மறுத்தார்கள். அவருக்கு ஆயுள் தண்டனை விழுந்தது. அடக்குமுறைக்கு அஞ்சித் தொண்டர் படை கலையவில்லை, பல்லாயிரக்கணக்கில் பெருகியது.

இத்தனை தியாகத்துக்கும் கிடைத்தது என்ன? செஞ்சட்டைகள் தோழமை கொண்டிருந்த காங்கிரஸே 1947 ஜூனில் பிரிவினைத் திட்டத்தை ஏற்றது. இந்தியாவா, பாகிஸ்தானா என்று மட்டும் கேட்ட எல்லைப்புற வாக்கெடுப்பைக் கபார் கான் புறக்கணித்தார். தங்களை ஓநாய்களிடம் எறிந்துவிட்டதாகக் காங்கிரஸ் நண்பர்களிடம் மனம் நொந்து சொன்னார். பாகிஸ்தானுக்கு விசுவாசப் பிரமாணம் எடுத்த பிறகும், 1948-ல் அந்நாட்டு அரசு அவரைச் சிறையில் தள்ளியது. அதன்பின் பல ஆண்டுகள் சிறை, பல ஆண்டுகள் ஆப்கானிஸ்தானில் அந்நிய வாசம்.

1987-ல் இந்தியா பாரத ரத்னா வழங்கியது. 1988 ஜனவரி 20-ல் பெஷாவரில் மறைந்தார். அவர் விருப்பப்படி ஜலாலாபாத்தில் அடக்கம் செய்தார்கள்.

அகிம்சை கையாலாகாதவனின் வழி என்று இன்றும் ஏளனம் செய்பவர்கள் உண்டு. வீட்டுக்கு வீடு துப்பாக்கி வைத்திருந்தவர்கள் அதைக் கீழே வைத்துவிட்டு மார்பைக் காட்டிய கதையை, அவர்கள் ஒருமுறையாவது படிக்க வேண்டும்.

(தொடரும்)