ஒரே ஆவடி, இரண்டு டாங்கி

ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையை நம் மாங்காடு, பூந்தமல்லி பக்கத்தில் யாரும் முழுப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'டேங்க் ஃபேக்டரி'தான். என்னோடு காலையில் நடக்க வரும் நண்பர் அங்கே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் ஒருநாள் சொன்னது: "ரெண்டையும் நாங்கதான் சார் செஞ்சோம். எது எந்தச் சண்டைக்குன்னுதான் கடைசிவரை புரியல."

இரண்டு என்றால் அர்ஜுனும் ரஷ்ய டாங்கியும். சொந்தமாக ஒரு டாங்கி செய்ய அரசு 1974-ல் அனுமதி கொடுத்தது. ஆவடியிலேயே உள்ள போர் வாகன ஆராய்ச்சி நிலையம் அர்ஜுனை வடிவமைத்தது. அது முடிவதற்குள் ராணுவத்துக்கு சோவியத் டி-72 வந்துவிட்டது. 1980களில் அதுவும் ஆவடியில் தயாரானது. டி-72 சுமார் 41 டன், மூன்று பேர் ஓட்டுவது. அர்ஜுன் 58 டன்னுக்கு மேல், நான்கு பேர். பீரங்கி வேறு, குண்டு வேறு, தாங்கும் பாலமும் ஏற்றும் ரயில் வேகனும் வேறு. 2000-ல் 124 அர்ஜுனுக்கு ஆர்டர் போட்டார்கள். மறு வருஷமே 310 டி-90 வாங்க ஒப்பந்தம்!

தாமதம் என்றது ராணுவம். தேவையை மாற்றிக்கொண்டே இருந்தால் எப்படி என்றார்கள் விஞ்ஞானிகள். இரண்டு பக்கமும் நியாயம் உண்டு என்பது என் எண்ணம். எந்த எதிரி, எந்த நிலம் என்று மேலே ஒருவர் முடிவு செய்து எழுதித் தந்திருந்தால் இந்தச் சண்டையே பாதி குறைந்திருக்கும்.

நம் திருச்சியில் பிறந்த கே. சுப்ரமணியம் இதைத்தான் பல காலம் வற்புறுத்தினார். 1998-ல் தேசியப் பாதுகாப்புக் குழு அமைந்தது. கார்கில் போருக்குப் பின் நடந்த ஆய்வுக்கு அவரே தலைவர். முப்படைக்கும் ஒரே தலைமைத் தளபதி வேண்டும் என்று 2001-ல் அமைச்சர்கள் குழு பரிந்துரைத்தது. அந்தப் பதவி நிரம்பியது 2020 ஜனவரியில். நாட்டுக்கென வெளியிடப்பட்ட பாதுகாப்பு வியூக ஆவணம் மட்டும் இன்னும் வரவில்லை. கட்சிகள் மாறி மாறி ஆண்டும் இதில் மாற்றமில்லை.

1962-ல் லடாக்கின் சுஷூலுக்கு ஏ.எம்.எக்ஸ்-13 என்ற இலகு டாங்கிகளை விமானத்தில் ஏற்றிக் கொண்டுபோய் இறக்கினோம். பிறகு அந்த ரகத்தையே கைவிட்டோம். 2020-ல் அதே லடாக்கில் சீனாவோடு மோதல் வந்தபோது 40 டன்னுக்கு மேற்பட்ட டாங்கிகளை மலைமேல் ஏற்ற வேண்டியிருந்தது. அதன் பிறகுதான் 25 டன்னில் 'ஸோராவர்' என்று ஒன்று அவசரமாக உருவானது. வடிவமைத்தது மறுபடியும் நம் ஆவடிதான்.