ஒரே ஆண்டில் பிறந்த மூன்று பியானோக்கள்

பியானோ வாங்குவோர் ஒப்பிட்டுப் பார்க்கும் பெயர்களுள் மூன்று 1853-ஆம் ஆண்டில் தோன்றியவை: நியூயார்க்கின் ஸ்டைன்வே, பெர்லினின் பெக்ஸ்டைன், லைப்சிக்கின் புளூத்னர். ஆயினும் இவற்றின் தொனி ஒன்றன்று. காரணம் என்ன?

பியானோத் தந்திகளின் மொத்த இழுவிசை ஏறத்தாழ 20 டன். மரச்சட்டம் மட்டும் இதனைத் தாங்காது. பாஸ்டன் நகரின் ஆல்ஃபியஸ் பாப்காக் 1825-இல் ஒரே வார்ப்பாலான இரும்புச் சட்டத்துக்குக் காப்புரிமை பெற்றார். இரும்பு தந்த வலிமையால் புதிய அமைப்புகள் பிறந்தன. கிடைநிலைப் பெரும் பியானோவில் கீழ்ச்சுரத் தந்திகளை மற்றவற்றின்மேல் குறுக்காகச் செலுத்தும் முறைக்கு ஸ்டைன்வே 1859-இல் உரிமை பெற்றது, பிறரும் பின்பற்றினர். புளூத்னரோ 1873-இல் மேல்சுரங்களுக்கு நான்காவது தந்தி ஒன்றைச் சேர்த்தார். சுத்தியல் அதைத் தொடுவதில்லை. ஒத்ததிர்வாலேயே அது ஒலிக்கிறது!

ஆகவே, பெயரைப் படித்தபின் மூடியையும் திறந்து பாருங்கள். இரும்புச் சட்டத்தில் விரிசல் இருந்தால், எத்துணைப் புகழ்பெற்ற பெயரும் அந்தப் பியானோவைக் காப்பாற்றாது.