இரவுக் காவலர் வரைந்த சுரங்கம்

ஜப்பானின் கியூஷு தீவில், சிக்குஹோ நிலக்கரி வட்டாரத்தில் இருக்கிறது தகாவா. 1964-ல் மூடப்பட்ட மிட்சுயி சுரங்கம் இருந்த இடத்தில் இன்று நகராட்சி நடத்தும் நிலக்கரி அருங்காட்சியகம் நிற்கிறது. அருகிலேயே 1908-ல் எழுப்பிய 45 மீட்டர் உயரப் புகைபோக்கிகள் இரண்டு. ஆனால் உலகம் மதித்த செல்வம் உள்ளே இருக்கும் காகிதப் படங்கள்தான். அவற்றை வரைந்தவர் ஓவியர் அல்லர், சுரங்கத் தொழிலாளி.

சகுபெய் யமாமோட்டோ 1892-ல் பிறந்தார். அவருடைய அப்பா ஓங்கா ஆற்றில் நிலக்கரிப் படகு ஓட்டியவர். ரயில் வந்தது, படகுக்குச் சரக்கு இல்லாமல் போனது. பிழைக்க வழியின்றிக் குடும்பம் சுரங்கத்துக்குக் குடிபெயர்ந்தது. சிறுவயதிலேயே பெற்றோருடன் குழிக்குள் இறங்கிய சகுபெய், ஏறத்தாழ 50 ஆண்டுகள் பல சுரங்கங்களில் உழைத்தார்.

1950களில் பெட்ரோலியம் நிலக்கரியின் இடத்தைப் பிடிக்கத் தொடங்கியது. சிக்குஹோவின் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. அப்பாவின் படகுக்கு நேர்ந்தது மகனின் குழிக்கும் நேர்ந்தது. அப்போது சகுபெய் ஒரு சுரங்க அலுவலகத்தில் இரவுக் காவலர். போரில் மாண்ட மூத்த மகனின் நினைவு, விழித்திருந்த அந்த இரவுகளில் அவரை வாட்டியது. அறுபத்தைந்து வயதை ஒட்டி, தூரிகையைக் கையில் எடுத்தார். தாம் பிழைத்த வாழ்க்கையைப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லி வைக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். முதலில் கறுப்பு மை; பிறகு வண்ணம்.

கம்பெனிக் கணக்கேடுகளில் எத்தனை டன் வெட்டினார்கள் என்று இருக்கும். எப்படி வெட்டினார்கள் என்பது சகுபெய் படங்களில் இருக்கிறது. உட்காரக்கூட உயரமில்லாத அடுக்கில் ஆண் ஒருக்களித்துக் கிடந்து குந்தாலியால் வெட்டுகிறான். அவன் வெட்டியதை அள்ளி, சறுக்குப் பெட்டியில் நிரப்பி, தவழ்ந்து இழுத்துப் போகிறாள் மனைவி. பெண்கள் குழிக்குள் இறங்குவதை 1930களில் சட்டம் பெருமளவு தடுத்தது. அதுவரை கணவனும் மனைவியும் சேர்ந்து வேலை செய்வது அங்கே வழக்கம். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் கைக்குழந்தையையும் உடன் கொண்டு இறங்கும் தாயை ஒரு படத்தில் காணலாம். வெடிவிபத்து, ஓடிப்போக முயன்றவருக்குக் கிடைத்த அடி, உடம்பெல்லாம் பச்சை குத்தியவர்கள் குளிக்கும் பொதுத்தொட்டி, குழிக்குள் சீட்டியடிக்கக் கூடாது என்ற நம்பிக்கை என எதையும் அவர் விடவில்லை. ஓரங்களில் கருவியின் பெயர், வேலையின் விளக்கம், அக்கால விலைவாசி என்று நெருக்கி எழுதியும் வைத்தார்.

1963-ல் படங்கள் முதன்முதலாக நூலாக வந்தன. ஆயிரத்துக்கும் மேல் வரைந்த சகுபெய், அருங்காட்சியகம் திறந்த மறு ஆண்டு, 1984-ல் காலமானார்.

மெய்ஜி காலத் தொழிற்சின்னங்களை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கும் முயற்சியில் தகாவாவின் புகைபோக்கிகளும் முதலில் இருந்தன, 2009-ல் கழற்றிவிடப்பட்டன. நகரம் சோர்ந்துவிடவில்லை. ஃபுகுவோகா மாகாணப் பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து, சகுபெய் படைப்புகளை யுனெஸ்கோவின் ‘உலக நினைவகம்’ பட்டியலுக்கு அனுப்பியது. 2011 மே மாதம் 589 ஓவியங்களும், நாட்குறிப்புகள் உள்ளிட்ட 108 ஆவணங்களும் அதில் இடம்பெற்றன. ஜப்பானிலிருந்து அந்தப் பட்டியலில் ஏறிய முதல் சேகரிப்பு அதுதான். அரசு ஆவணமோ, அரண்மனைச் சுவடியோ பெறாத முதலிடம் ஒரு காவலரின் படங்களுக்குக் கிடைத்தது.

பெரிய நிறுவனம் கட்டியதைக் காட்டச் சிமெண்டும் இரும்பும் போதும். அதற்குள் உழைத்தவர்கள் பட்டதை, பட்டவரே சொன்னால்தான் உண்டு. சிறிய ஊர்களின் அருங்காட்சியகங்களைத் தேடிப் போக அதைவிட வேறு காரணம் வேண்டாம்.