கரிசல்ல நின்ன கட்டடமும் நிக்காத கட்டடமும்

இங்கிலாந்துல நிக்கோலஸ் பெவ்ஸ்னர்னு ஒருத்தர் இருந்தார். கவுண்டி கவுண்டியா (நம்ம மாவட்டம் மாதிரி) கார்ல சுத்தி, எந்த ஊர்ல என்ன பழைய கட்டடம் இருக்குன்னு 1951லேர்ந்து 1974 வரைக்கும் 46 புத்தகமாப் போட்டுட்டார். அவர் கோவில்பட்டிப் பக்கம் வந்திருந்தா என்ன எழுதியிருப்பார்?

"கருப்பு மண்ணும் வேலிக்கருவையும்தான்"னு நம்மாளுகளே சிரிப்பாங்க. காரணம் இருக்கு. கரிசல் மண் மழைக்கு ஊதும், கோடைக்குக் கையளவு வெடிக்கும். மேலாக அஸ்திவாரம் போட்டா சுவர் கீறல் விட்டுரும். ஆனாலும் சொல்ல நிறையவே இருக்கு மக்கா.

முதல்ல கழுகுமலை. மண்ணை நம்பாம பாறையையே கோயிலாக்கிட்டாங்க. 8ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் வேலையான வெட்டுவான் கோயில், மலையை மேலேர்ந்து கீழா வெட்டிச் செதுக்கினது. அதனாலதான் விமானம் முடிஞ்சிருக்கு, அடிப்பகுதி முடியாம இன்னும் பாறையாவே நிக்குது. மிருதங்கம் வாசிக்கிற தட்சிணாமூர்த்தியைப் பார்க்காம வந்துராதீங்க. அதே மலையில வரிசை வரிசையாச் சமணத் தீர்த்தங்கரர்கள். கீழே வட்டெழுத்துல, சிலையைச் செய்விச்சவங்க பேரு. குரத்தியர்னு சொல்ற பெண் துறவிகள் பேரும் அதுல இருக்கு.

அடுத்து பாஞ்சாலங்குறிச்சி. இப்ப நாம போய் போட்டோ எடுத்துட்டு வர்ற கோட்டை, 1974ல தமிழக அரசு கட்டின நினைவுக் கோட்டை. சண்டை நடந்தது இதுல இல்ல. நிஜக் கோட்டை முழுக்க மண்ணு. ஏறத்தாழ 500 அடி நீளம், 300 அடி அகலம், 12 அடி உயரச் சுவர். மண்கோட்டைதானேன்னு லேசா நினைச்சுராதீங்க. பீரங்கிக் குண்டு பட்டா கல்சுவர் சிதறும். கெட்டி மண்சுவரு குண்டை உள்ள வாங்கிக்கும்.

கட்டபொம்மனை 1799 அக்டோபர் 16ல கயத்தாறுல தூக்குல போட்டாங்க. கோட்டையையும் இடிச்சாங்க. 1801 பிப்ரவரியில ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலேர்ந்து தப்பி வந்தார். சில நாள்லயே கோட்டை மறுபடி எழுந்துருச்சு. கல்லுல கட்டியிருந்தா அந்த வேகம் வருமா? மார்ச் 31ல வெள்ளைக்காரப் படை மோதித் தோத்துப் போச்சு. மே 24லதான் பிடிக்க முடிஞ்சது. அப்புறம் தரைமட்டம்.

சரி, அந்த நீளம் அகலமெல்லாம் நமக்கு எப்படித் தெரியும்? எதிர்த்தரப்புல நின்னு சண்டை போட்ட ஜேம்ஸ் வெல்ஷ்ங்கிற அதிகாரி 1830ல வந்த தன் புத்தகத்துல எழுதி வச்சதால! நம்ம கோட்டையோட அளவை இடிச்ச தரப்பு ஆள்கிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்க வேண்டியிருக்கு. இதுதான் எனக்கு உறுத்துது.

எட்டயபுரத்துல கதை வேற. அங்க அரண்மனை இருக்கு, 1882ல பாரதி பிறந்த வீடு இருக்கு, 1835ல அங்கேயே காலமான முத்துசுவாமி தீட்சிதர் சமாதி இருக்கு, சீறாப்புராணம் தந்த உமறுப்புலவர் அடக்கமாகியிருக்கிற இடமும் இருக்கு. பாரதி மணிமண்டபத்துக்குக் கல்கி தன் பத்திரிகையில கேட்டார், ஜனங்க காசு அனுப்பினாங்க. 1945ல ராஜாஜி அடிக்கல் நாட்டினார், 1947ல திறந்தாச்சு. எழுத்தால எழும்பின கட்டடம்னே சொல்லலாம்.

இதுக்கெல்லாம் கேட்க ஆள் இருக்கு. கேட்க நாதியில்லாதது எத்தனை! 1876ல மதுரை-தூத்துக்குடி ரயில் வந்த பாதையில இருக்கிற பழைய பருத்திக் கிட்டங்கிகள், ஓடு வேய்ஞ்ச தீப்பெட்டி ஆபீசுகள், மெட்டுக்கல் படி வச்ச காரைவீடுகள். இதுகளை இடிக்கப் பீரங்கி வேண்டாம், ஒரு ஜேசிபி போதும். அரை நாள்ல மனையாயிரும்.

எல்லாத்தையும் காப்பாத்த முடியாது, வாஸ்தவம். வீட்டுக்காரருக்கு ஆயிரம் கஷ்டம். ஆனா எழுதி வைக்கிறதுக்கு யார் தடுத்தா? நீளம் அகலம் அளந்து, கட்டின கொத்தனார் பேரைப் பெரியவங்ககிட்ட கேட்டு, நாலு போட்டோவோட ஒரு பதிவு போட எவ்வளவு நேரமாகும்? பெவ்ஸ்னர் மாதிரி 46 புத்தகம் வேண்டாம். ஆளுக்கு ஒரு கட்டடம் போதும்.

நான் எங்க தெருக் கடைசியில இருக்கிற கிட்டங்கியிலேர்ந்து ஆரம்பிக்கிறேன். உங்க ஊர்ல எது? பின்னூட்டத்துல சொல்லுங்க.